ஒரு திறப்பு, மூன்று பிள்ளைகள்

நான் எழுதிய புறோகிராம் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிட்டது. இந்தத் தொழிலே அப்படித்தான்: சொன்னதை அப்படியே செய்கிற மெசினிடம் பிழையாகச் சொல்லிவிட்டு, பிறகு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் இதிலேதான் மாரடிக்கிறீர்கள் என்றால் வாசியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

யூரோ வந்த புதிது. ஜெர்மனியில் கொலோன் நகரில் ஒரு உதிரிப்பாகக் கொம்பனியில் எனக்கு வேலை. தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்டதென்று, சோதனை அனுமதி அட்டை அடிக்க ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசிப் பிள்ளை

எந்தச் சொல்லை வைத்துத் தேடுகிறோமோ அதுதான் திறப்பு, பூட்டுக்குச் சாவி மாதிரி. நான் தகப்பன் பெயரைத் திறப்பாக வைத்தேன். ஒரு திறப்புக்கு ஒரு பெயர்தான் நிற்கும். இரண்டாவதை எழுதினால் முதலாவது அழிந்துபோகும். எனக்கு அது தெரியும். மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சிவகுமார் என்றொரு தகப்பன் போன் பண்ணினார். பிள்ளைகள் மூன்று, கடைக்குட்டிக்கு மட்டும் அட்டை வந்திருந்தது. மூத்தவள் துளசிக்குக் கடைசி வகுப்புச் சோதனை. சனிக்கிழமை அட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வருசம் போய்விடும். "அண்ணை, மற்ற ரெண்டையும் நான் என்ன, கடையிலயே வாங்கினனான்?"

கமா

அவசரத்தில் பிள்ளைகளின் பெயர்களைக் கமா போட்டு ஒரே வரியில் கோத்தேன். கமா வருகிற இடத்தில் வெட்டு என்றேன். வெட்டியது. ஆனால் எங்கள் ஆட்களின் கை ஜெர்மன் படிவங்களில் பழகிய கை. அதிலே குடும்பப் பெயர், கமா, சொந்தப் பெயர். எங்களுக்கேது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் தலையெழுத்தைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்து, 'துளசி, சி.' என்று எழுதியிருந்தார்கள்.

அட்டையை அச்சடித்து உறையில் போடுவது ரெஜினா அக்கா. பள்ளிக்கூடக் கந்தோரில் அலுவலக வேலை முழுக்க அவர் பொறுப்பு. மன்னார்ப் பக்கம். எனக்கு இளையவர், ஆனாலும் ஊருக்கே அக்கா. ஒரு கட்டு அட்டையோடு வந்து நின்றார். "அண்ணை, 'சி' எண்டு நாப்பது பிள்ளையள் வந்திருக்கு, எந்த வகுப்பில இருத்திறது?"

லாச்சி

சரி, முறையாகவே செய்வோம் என்று ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பட்டியல் கொடுத்தேன். ஓட விட்டேன். முதல் பிள்ளையிலேயே புறோகிராம் விழுந்து நின்றது.

பக்கத்து மேசை டீட்டர் வந்து எட்டிப் பார்த்தார். பட்டியலில் பிள்ளையைப் போடு என்று எழுதியிருந்தேன். அந்தப் பட்டியலை உண்டாக்கு என்று எங்கும் எழுதவில்லை. மனிசன் தன் மேசை லாச்சியை இழுத்துக் காட்டிவிட்டு, ஜெர்மன் மொழியில் சொன்னார்: "முதல்ல லாச்சியைச் செய். பிறகு சொக்ஸைப் போடு."

வேறு வீடு

புதன்கிழமை எல்லா அட்டையும் தபாலில் போனது. ஒரு திறப்புக்கு ஓர் உறை. எனக்கு நல்ல புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன். வேலை முடிந்து அங்கே போயிருந்த நான்தான் எடுத்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சிவகுமார் இருந்திருக்கிறார், பேசியது அவருடைய மனைவி. அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. உறைக்குள் அட்டைகள் ஐந்து. ஐந்திலும் தகப்பன் பெயர் சிவகுமார். துளசியின் அட்டையும் அதற்குள்ளேதான். "அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ, இவருக்கு வேற வீடொண்டு இருக்கோ?"

தாய்

இரண்டு குடும்பம் ஒரே திறப்புக்குள் விழுந்துவிட்டது என்று விளக்கினேன். அவ அழத் தொடங்கிவிட்டா. ரெஜினா அக்கா என் கையிலிருந்து போனைப் பறித்து, "தங்கச்சி, உங்கட பேரென்ன?" என்றார். வசந்தி. மற்ற சிவகுமாரின் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அதிலே தாய் பெயர் மலர். தாய் பெயர் எல்லாப் படிவத்திலும் இருந்தது. நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அது வேறு குடும்பம் என்று அவவுக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பிள்ளை பெத்தது ரெண்டு பேரெல்லோ, அண்ணை? ஏன் ஒராளை மட்டும் எழுதினனீங்கள்?"

தகப்பன் பெயரும் தாய் பெயரும் சேர்ந்து ஒரு திறப்பு. அவ்வளவுதான் வேலை. வெள்ளிக்கிழமை அக்காவே டிராமில் போய்த் துளசியின் கையில் அட்டையைக் கொடுத்தார். சனிக்கிழமை அவள் சோதனை எழுதினாள். தகப்பன் போன் பண்ணினார். "மூண்டும் வந்திட்டுது அண்ணை. நாலாவதை அனுப்பிப் போடாதேங்கோ."

இருபது வருசம் புறோகிராம் எழுதியவன் நான். என் புறோகிராமைத் திருத்தி வைத்தது, கொம்பியூட்டரை நிற்பாட்டக்கூட என்னைக் கூப்பிடுகிற ரெஜினா அக்கா.