முப்பது எண்ணும் வரை

இந்த ஊரில் செருப்புக்கும் பச்சை பூக்கும். மாலையில் கழற்றி மாட்டிய தோல் பெல்ட்டைக் காலையில் எடுத்தால் அதன்மேல் மெல்லிய பச்சைத் தூள் படிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் நானும் இரண்டு ரயில்வே குமாஸ்தாக்களும் ஒரே அறையில் இருக்கிறோம். எழுந்ததும் என் முதல் வேலை பல் துலக்குவதல்ல, கேமராவின் மடிப்பு மடிப்பான தோல் துருத்தியைத் துடைப்பது. திருச்சியில் எதைத் துடைத்தாலும் துணியில் புழுதி ஒட்டும். இங்கே உயிருள்ள ஏதோ ஒன்று ஒட்டுகிறது. ஒரு வாரம் சும்மா விட்டால் கண்ணாடிக்குள்ளேயே வேர் விட்டுவிடும் என்று, எனக்கு அதை விற்ற கிள்ளான் ஸ்டுடியோ சீனர் விரல்களை நெளித்து நெளித்துக் காட்டிப் பயமுறுத்தியிருந்தார்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைக்கிற மாதிரி இங்கே எல்லோரும் ரப்பர் தோட்டத்தில் இல்லை. நான் இன்டர்மீடியட் பாஸ் செய்துவிட்டு, அப்பா காட்டிய தாலுகா ஆபீஸ் நாற்காலியை உதறிவிட்டு மலாய் நாட்டுக்குக் கப்பலேறியவன். கிள்ளானில் ஆற்றோரம் இருக்கும் ஒரு வெள்ளைக்கார ரப்பர் ஆலையில் ஸ்டோர் குமாஸ்தா. இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். நான் சின்னக் கிராணி. தினமும் ரயிலில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு செங்கல் சூளை, ரயில்வே யார்டு, தகரப் பட்டறை என்று அலைவேன். அறைத் தோழர்கள் சிரிப்பார்கள். படம் என்றால் அவர்களுக்குக் கோட்டு, பூந்தொட்டி, பக்கத்தில் ஒரு கடிகாரம். புகைபோக்கியைப் போய் எவனாவது படம் பிடிப்பானா என்பார்கள். நான் பிடிப்பேன். இந்த நாடு எனக்கு முதலில் காட்டிய முகம் அதுதான். கப்பலிலிருந்து பார்த்தபோது தென்னைக்கு முன்னால் புகைபோக்கிதான் தெரிந்தது.

ஆனால் கேமரா என் பேச்சைக் கேட்கவில்லை. அதோடு வந்த சிறு புத்தகம் இங்கிலாந்து வெயிலுக்கு எழுதியது. இங்கே பதினொரு மணிக்குக் கண் கூசும், மூன்று மணிக்கு மழை இருட்டு. முதல் ரோலில் எட்டுப் படமும் வெள்ளை. இரண்டாவதில் எட்டும் கறுப்பு. மூன்றாவதில்தான் கூரைக்குக் கீழே படம் பிடிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தேன். வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சிறிதாக்கி, விசையை ஒருமுறை அழுத்தினால் கண் திறக்கும். நிதானமாக முப்பது எண்ணி மறுபடி அழுத்தினால் மூடும். அந்த முப்பது எண்ணிக்கையில் இருட்டுக் கொட்டகைகூடப் பளிங்கு மாதிரி விழும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் கடைசி வருஷம் குரூப் படம் எடுத்தபோது எங்கள் வகுப்புக் கோவிந்தராஜு கடைசி நொடியில் தலையைத் திருப்பிவிட்டான். படம் வந்தபோது கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் தீற்றல். வருஷம் முழுக்க அவனை ‘மூஞ்சி இல்லாதவன்’ என்றே கூப்பிட்டோம். அதிகம் சிரித்தவன் நான்.

ஒரு சனிக்கிழமை துரை வெளியே போயிருந்த நேரம், ஆலையின் பாய்லர் கொட்டகைக்குள் கேமராவோடு நுழைந்தேன். பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் முனியாண்டி அண்ணன். நிலக்கரியை அள்ளி நெருப்புக்குள் வீசுவதுதான் அவர் வேலை. பேச்சு குறைவு, வேர்வை அதிகம். நான் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்ததும் ஆலையின் பக்கத்துக் கொட்டகையிலிருந்து மூன்று பேர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். படம் என்றால் வேலையை நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் போட்டு, மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும் என்பது நம் ஜனங்களின் சாஸ்திரம். மூவரும் கையைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி நின்றார்கள். முனியாண்டி அண்ணனையும் நிற்கச் சொன்னேன். நெருப்பு நிற்காதே ஐயா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மண்வெட்டியோடு போய்வந்து கொண்டிருந்தார். நான் முப்பது எண்ணினேன்.

படத்தைக் கழுவிக் கொடுத்தபோது ஸ்டுடியோ சீனர் சிரித்தார். கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் எனக்கு அரைகுறை, அவருக்கும் அப்படியே. “ஜாலான், தாடா. டியாம், அடா,” என்று படத்தில் பாய்லரின் முன்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். நடந்தால் இல்லை, சும்மா நின்றால் உண்டு. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை நன்றி சொன்னேன். படம் அவ்வளவு அழகாக இருந்தது. பாய்லரின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. மூன்று பேரின் மீசையும் தெரிந்தது. முனியாண்டி அண்ணன் இல்லாததை நான் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கவனித்தேன். பெரிதாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அதைப் பெரிது பண்ணித் துரையின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். பெருமை. துரை நெடுநேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையில் போட்டுக்கொண்டார். என் கையெழுத்தை வாங்கி மாட்டி வைக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். ஒவ்வொரு ஆலையிலும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். பெயர் சேர்க்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பட்டியலில் முனியாண்டி பெயர் ஏறியிருந்தது. காரணம்: எரியும் பாய்லரை ஆளில்லாமல் விட்டுப் போனது. பாய்லர்காரனுக்கு அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

துரையிடம் ஓடினேன். முனியாண்டி அங்கேயேதான் இருந்தார், அசைந்ததால் படத்தில் விழவில்லை என்று என் கல்லூரி ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். ஆள் பொய் சொல்வான், கேமரா சொல்லாது என்று துரை பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நின்ற மூன்று பேரும் சாட்சி சொல்லத் தயார்தான். கூலிக்காரன் சாட்சியை யார் கேட்பது?

மத்தியானம் ஆலை வாசலில் முனியாண்டி அண்ணனின் மனைவி அஞ்சலை என்னை மறித்தாள். என் வயதுதான் இருக்கும். ஏழு மாதக் கர்ப்பம். கையில் சோற்றுத் தூக்கு. அழுவாள் என்று பயந்தேன். அவள் அழுகிற ஜாதி இல்லை.

“என்னா கிராணி, படம் புடிக்கத் தெரியலன்னா சும்மா இருக்கலாம் லா. ஏன் எங்க உயிர வாங்குறீங்க?”

சரிசெய்துவிடுகிறேன் அக்கா என்றேன்.

“அவருக்காச்சும் ஊருன்னு ஒண்ணு இருக்கு. நான் பொறந்தது இங்க கேரித் தீவுத் தோட்டத்து லயத்துல. அந்த ஊர நான் பாத்ததே இல்ல. என்னைய கப்பல்ல ஏத்தி யாரு வீட்டு வாசல்ல எறக்கப் போறீங்க?”

திருப்பி அனுப்புவது என்று நாங்கள் ஆபீசில் சாதாரணமாக எழுதுகிற வார்த்தை அது. வந்த இடத்துக்குத்தானே திருப்பி அனுப்ப முடியும்?

பெரிய கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். பதினெட்டு வருஷம் இந்த ஆலையில் இருப்பவர், வேகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அவர் சொன்னால் துரை கேட்பார். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நீர் விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மனுசன்ர சோத்தில மண்ணள்ளிப் போட்டீர். இப்ப என்னை வந்து கதைக்கச் சொல்லுறீர்.”

அவர் அங்கேதான் இருந்தார் சார், நான் பார்த்தேன் என்றேன்.

“நீர் பாத்தீர். நான் பாக்கேல்லை. கண்ணால காணாததுக்கு நான் சாட்சி சொல்லமாட்டன். ஆள் நிக்கேக்க ஆள் மறையுமெண்டா, எனக்குக் காட்டும். பிறகு பாப்பம்.”

பட்டியல் புதன்கிழமை மாலை ஐந்துக்குத் துரையின் கையெழுத்தோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போட்ட ரோலில் இரண்டு படம்தான் மிச்சம்.

புதன் மத்தியானச் சாப்பாட்டு மணியில் பாய்லர் கொட்டகையில் கூடினோம். என் திட்டம் இது. கந்தையா சார் பாய்லருக்கு முன்னால் நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும். முனியாண்டி அண்ணன் எப்போதும்போல் கரி போட வேண்டும். நான் விசையைத் திறந்துவிட்டு ஓடிப்போய்ப் பதினைந்து எண்ணும் வரை படத்துக்குள் ஓரமாக நின்று, பிறகு திரும்பிவந்து முப்பதில் மூட வேண்டும். ஒருவர் முழுசு, ஒருவர் இல்லை, ஒருவன் பாதி. இதற்கு மேல் எப்படிக் காட்டுவது?

முதல் படத்தில் இருபத்திரண்டு எண்ணும்போது கந்தையா சார் தும்மினார். கரித்தூள். தும்மியதோடு நிற்காமல் கைக்குட்டையை எடுத்து நிதானமாக மூக்கையும் துடைத்துக்கொண்டார். நான் தலையில் கை வைத்தேன். தும்மல் வந்தால் தான் என்ன செய்வது என்று என்னையே அதட்டினார்.

மிச்சம் ஒரே படம். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டகை இன்னும் இருண்டது. முப்பது போதுமா, ஐம்பது வேண்டுமா? புத்தகத்தில் கிள்ளான் மழைக்குக் கணக்கு இல்லை. குத்துமதிப்பாக ஐம்பது என்று முடிவு செய்தேன். கை வேர்த்து விசை வழுக்கியது. அழுத்தினேன். ஓடிப்போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் நெருப்புக் கதவு திறந்து மூடும் சத்தம், மண்வெட்டி தரையில் உரசும் சத்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு அசையாமல் நின்றதில்லை. இருபத்தைந்தில் திரும்பி வந்தேன். ஐம்பதில் மூடினேன். கந்தையா சாரின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் ஆள் அசையவில்லை.

மழையில் பாலத்தைத் தாண்டி ஸ்டுடியோவுக்கு ஓடினேன். சீனர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலாயில் அவசரம் என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. கையைக் கூப்பினேன். அவர் நான் ஏதோ சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தானும் திருப்பிக் கும்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கிண்ணத்தை வைத்துவிட்டு இருட்டறைக்குள் போனார். கதவுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரச் சட்டையோடு நின்றேன். உள்ளே தண்ணீர் சலசலத்தது. கறுப்பா வெள்ளையா, கறுப்பா வெள்ளையா என்று அதே நினைப்பு.

காயாத படத்தை மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நான் ஆபீஸ் படியேறியபோது ஐந்தாகச் சில நிமிஷங்களே இருந்தன. துரை பேனாவைத் திறந்துவிட்டார். கந்தையா சார் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். படத்தை முதலில் அவர்தான் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு துரையின் முன்னால் வைத்து, தான் இந்த நாற்காலியில் இருந்ததாகவும், அந்த ஐம்பது எண்ணிக்கையும் முனியாண்டி தன் முதுகுக்குப் பின்னால் கரி போட்டதாகவும், அதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார்.

படத்தில் கந்தையா சார் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் பாய்லர். நெருப்புக் கதவருகே ஒரு வெள்ளைத் தீற்றல். மனிதன் இல்லை. ஓரத்தில் நான். என் சட்டைக்குள்ளே பாய்லர் கொட்டகையின் செங்கற்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நெஞ்சுக்கு நடுவில் நீராவி அழுத்தம் காட்டும் வட்டம், முள்ளோடு.

துரை அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பேனாவால் முனியாண்டியின் பெயரை அடித்தார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அப்படியானால் இந்த மூன்று பேரும் வேலை நேரத்தில் முப்பது எண்ணும் வரை சும்மா நின்றிருக்கிறார்களே, யார் நிற்கச் சொன்னது என்று கேட்டார்.

நான் யோசித்திராத கேள்வி. தூண் மாதிரி நின்ற மூன்று மீசைகளும் என்னைப் பார்த்தன.

நான்தான் என்றேன்.

வெளியே வந்ததும் கந்தையா சார் படிக்கட்டில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “நீர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நானே சமாளிச்சிருப்பன்,” என்றார். சமாளித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மாத முடிவோடு ஸ்டோரில் சின்னக் கிராணி தேவையில்லை என்று மறுநாள் காகிதம் வந்தது. விருப்பமிருந்தால் நாகப்பட்டினம் வரை கப்பல் டிக்கெட்டும் தருவார்களாம். ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு புது ரோல் போட்டுக்கொண்டு முனியாண்டி அண்ணன் குடியிருக்கும் கூலி லயத்துக்குப் போனேன். நல்ல வெயில். கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடலாம், எப்படி வேண்டுமானாலும் இருங்கள் என்று சொல்லியும் முனியாண்டி அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்து முடித்த பிறகும் நின்றார். மூச்சு விடலாமா ஐயா என்று உதடு அசையாமல் கேட்டார். அஞ்சலை சிரித்தாள். பிறகு என் பையிலிருந்து பாய்லர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நீங்க போறீங்களா, இருக்கீங்களா, கிராணி?”

இன்னும் தெரியவில்லை அக்கா என்றேன். அவள் என் நெஞ்சிலிருந்த வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

அந்தப் பாய்லர் படத்தின் ஒரு பிரதியை ஊருக்கும் அனுப்பியிருந்தேன். அப்பாவின் கடிதம் நேற்று வந்தது. கேமரா பழுது போலிருக்கிறது, நல்ல படமாக வேறொன்று அனுப்பு, வீட்டில் உன் முகம் தெரியவில்லை என்று விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பிரதியில் இன்று காலை பச்சை பூத்திருந்தது. டிக்கெட்டுக்குப் பதில் சொல்ல ஒன்பது நாள் பாக்கி. துருத்தியைத் துடைத்த அதே துணியால் படத்தையும் மெதுவாகத் துடைத்தேன். கந்தையா சார் தெளிவாக வந்தார். செங்கற்கள் தெளிவாக வந்தன. என் மேல் இருந்த பச்சையும் போயிற்று. எனக்குள்ளே கொட்டகைச் சுவர் அப்படியே தெரிந்தது.