பலகைக் கால்களில் கட்டிய கடை

முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. மற்றவர்களுக்கு அப்படி ஆகாது. வருடத்துக்கு ஒரு முறை மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அதை மைக்கில் சொல்கிறவன். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலை எனக்கு. மலாயும் தமிழும் தடுமாறாமல் பேசுவேன் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வட்டாரப் பொருளாதார வளர்ச்சி, திறன் பயிற்சி என்று நீளமாகப் பெயர் வைத்த ஒரு திட்டம் எங்கள் மலைக்கு வந்ததிலிருந்து, அதன் ஆண்டு முன்னேற்ற நாளில் மொழிபெயர்ப்பாளன் வேலை என் தலையில்தான் விடிகிறது. சம்பளம் கிடையாது. ஒரு துணிப்பை தருவார்கள், அதற்குள் திட்டத்தின் முத்திரை போட்ட குவளை இருக்கும். இப்போது என் வீட்டில் காப்பி குடிக்க வேறு குவளையே இல்லை.

முதல் வருடம் பெண்களுக்குக் கப் கேக் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். தலைநகரிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வேனில் வந்து இறங்கினார். மின்னடுப்பு, மாவு, வண்ண வண்ணச் சர்க்கரை எல்லாம் கூடவே இறங்கின. தேயிலைக்காட்டில் காய்த்துப்போன கைகள் கேக்கின் தலையில் ரோஜாப்பூ பிழிந்தன. மாலையில் ஆளுக்கொரு ஏப்ரனும் சான்றிதழும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு மின்னடுப்பை அதே வேனில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டிலும் கேக் அடுப்பு இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த வருடம் காளான். அதற்கடுத்து சோப்பு. பின்பு இணையத்தில் பொருள் விற்பது எப்படி என்று பாடம் நடந்தது. எங்கள் லயத்தில் போனில் லைன் கிடைக்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நிற்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் மண்டபத்துத் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். அது ஏன் ஏறுகிறது என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. உணவு கொண்டுவரும் தானா ராத்தா டவுன் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை முதலாளி மட்டும் ஒருமுறை என் காதருகே வந்து, "சார், இந்தத் திட்டத்துல நெசமா முன்னேறுன ஆளு நான் ஒருத்தன்தான். வருசா வருசம் ஆர்டர் கூடுது லா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபின் அதே சிரிப்பு அருவருப்பாக மாறிவிட்டது.

இதில் என் தங்கையின் கதையைச் சொல்லியாக வேண்டும். கேக்கில் ரோஜாப்பூ பிழிந்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கணவர் அதே தோட்டத்தில் இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர். அவருக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் ஓய்வு என்றால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். பிறந்ததிலிருந்து குடியிருந்த லய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அந்த வீட்டில் பங்களாதேஷிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்த பையன்கள் குடியேறுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கவாவது தங்கைக்கு மாதாமாதம் வரும்படி வேண்டியிருந்தது. திட்டத்து அதிகாரிகள் தோட்டச் சாலை முச்சந்தியில் வரிசையாகக் கடைகள் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எப்போது என்று கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள். அந்த அடுத்த வருடத்தை நான் எத்தனை தடவை மொழிபெயர்த்திருக்கிறேனோ எனக்கே தெரியாது.

தங்கை காத்திருக்கவில்லை. சனி ஞாயிறுகளில் கோலாலம்பூர்க் கார்கள் எங்கள் முச்சந்தியிலிருந்து ஊர்ந்து ஊர்ந்துதான் நகரும். உள்ளே இருப்பவர்கள் பசியில் முகம் வாடியிருப்பார்கள். அவள் அங்கே இரண்டு கம்பை நட்டு, கன்வாசைக் கட்டி, எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். பருப்பு வடை, உருளைக்கிழங்கு வைத்த கறிபாப், தே என்று நாங்கள் சொல்லும் தேநீர். முதலில் வடை உதிர்ந்தது, பிறகு கல்லாக இருந்தது, அப்புறம் சரியாக வந்துவிட்டது. பனி இறங்கும் நேரத்தில் சூடான வடையைக் காகிதத்தில் சுற்றிக் கார் ஜன்னலுக்குள் நீட்டினால் யார்தான் வேண்டாமென்பார்கள்? ஒரு வருடத்துக்குள் அது கடையாக நிலைத்துவிட்டது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரிக்காரர்கள்கூட அங்கே நிறுத்தத் தொடங்கினார்கள். அந்தத் திட்டம் இருந்த இத்தனை காலத்தில் எங்கள் தோட்டத்தில் உருப்படியாக முளைத்தது அது ஒன்றுதான். அதில் திட்டத்துக்குத் துளியும் சம்பந்தமில்லை.

அந்த வருடம்தான் முன்னேற்ற நாளன்று டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் தோட்டத்தை நேரில் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வரட்டும், முச்சந்தியில் இந்தக் கடையைப் பார்க்கட்டும், பெர்மிட் கொடுக்கச் சொல்லி அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்று இரண்டு மொழியிலும் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் கடையைக் காணோம். கன்வாஸ் இல்லை, கம்பு இல்லை, அடுப்புக் கரிகூட இல்லை. மண்ணைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சாலையோரக் கற்களுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. தங்கை பட்டுப்புடவை கட்டி, ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"எங்கே கடை?" என்று கத்திவிட்டேன்.

"பின்னால எடுத்து வச்சிருக்குண்ணே. பெரிய ஆளுங்க வர்றப்ப ரோட்டோரத்துல எண்ணெச் சட்டியும் கன்வாசுமா கெடந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கி மறுபடி போட்டுக்கலாம் லா."

யாரும் அவளிடம் கடையைப் பிரிக்கச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துரை விசிட் வருகிறார் என்றால் லயத்தில் கொடித்துணியை எடுப்பதும், கோழியை அடைப்பதும், கல்லுக்குச் சுண்ணாம்பு பூசுவதும் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வெள்ளைத் துரை போய் நாட்டுத் துரை வந்தார், அவரும் போய் மானேஜர் வந்தார். சுண்ணாம்பு வாளி மட்டும் போகவில்லை. கண்ணில் படக்கூடாதது எது என்று யோசித்துப் பார்த்து, ஊர் முழுக்கச் சேர்ந்து, எங்களிடம் காட்டுவதற்கு இருந்த ஒரே பொருளைத் தூக்கி ஒளித்து வைத்திருந்தார்கள். வியர்க்க வியர்க்க, சந்தோஷமாகச் செய்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆரத்தித் தட்டைத் தட்டிவிடலாம் போலிருந்தது.

டத்தோ வந்தார். ஆரத்தி எடுத்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்து, ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் நல்லாருக்குங்க" என்றது கூட்டம். என் தங்கையின் குரலும் அதில் இருந்தது.

நானாகக் கடைப் பேச்சை எடுத்தேன். இந்த இடத்தில் ஒரு கடை இருந்தது, அது தொடர்வதற்கு அனுமதி வேண்டும் என்றேன். டத்தோ திரும்பிப் பார்த்தார். சுத்தமாகக் கூட்டிய மண். அவர் முகம் மலர்ந்தது. நல்ல இடம், சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படும், திட்டத்தின் விளம்பரப் பலகையை இங்கே வைக்கலாமே என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். ஒரு இளம் பெண் அதிகாரி உடனே அந்த வெற்றிடத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

கடை கட்ட இத்தனை வருடம் நேரம் கிடைக்காதவர்கள் பலகையை மட்டும் சீக்கிரமாகவே கொண்டுவந்து நட்டார்கள். இரண்டு தடித்த இரும்புக் கால்கள், மேலே ஒரு பெரிய படம். படத்தில் ஏப்ரன் கட்டிய பெண்கள் கப் கேக்கை ஏந்திச் சிரித்தார்கள். ஓரத்தில் என் தங்கையின் முகம் பாதி தெரிந்தது. மீதிப் பாதியை அச்சடித்தவன் வெட்டிவிட்டான்.

அவள் மறுபடி கன்வாசோடு போனபோது, பலகைக்கு முன்னால் கம்பு நடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். சில மாதங்கள் கூடையில் வடையை வைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே நடந்து விற்றாள். மழையில் நனைந்து இருமல் பிடித்தது. பாதி வியாபாரம் போயிற்று. மாப்பிள்ளையின் ஓய்வுக் கடிதமும் வந்துவிட்டது. பள்ளி முடிந்து அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வரும்போது, பலகையில் பாதி முகத்தோடு சிரிக்கும் தங்கையையும் கீழே கூடையோடு நனையும் தங்கையையும் சேர்த்துப் பார்க்க முடியாமல், கோலா தெர்லா வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்களும் உண்டு.

பெருமழை பெய்த ஒரு நாள் அவள் கன்வாசின் இரண்டு முனைகளை அந்த இரும்புக் கால்களிலேயே கட்டிவிட்டாள். மழை நின்றது. அவள் அவிழ்க்கவில்லை. மறுநாள் எண்ணெய்ச் சட்டி வந்தது.

"கம்பு நடக்கூடாதுன்னுதானேண்ணே சொன்னாங்க? நான் நடலயே. அவங்க நட்டதுலதான கட்டியிருக்கேன்" என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்க முடிந்தது.

அடுத்த முன்னேற்ற நாள் வந்தது. முதல் நாள் மாலை லயத்து ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு முச்சந்திக்கு வந்தார்கள். கன்வாசில் கை வைத்தார்கள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டு வாயில் வந்தபடி ஏசினேன். வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தங்கை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்கட்டும், விடுங்க" என்றாள் கடைசியில்.

காலையில் கார்கள் வந்து நின்றன. டத்தோ இறங்கினார். இளம் அதிகாரி கன்வாசைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு பலகையை நிமிர்ந்து பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். ஓடிப்போய் டத்தோவின் காதில் ஏதோ சொன்னாள். டத்தோவின் கைகள் இரண்டும் விரிந்தன. நம்முடைய பயிற்சி பெற்றவரா, அடடா, என்று நேராகக் கடைக்கு வந்தார். ஒரு வடையை எடுத்துக் கடித்தார். நன்றாயிருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்தார். இதை எந்தப் பயிற்சியில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். அவள் என் கண்ணை ஒரு கணம் பார்த்தாள்.

"எல்லாம் ஐயா குடுத்த பயிற்சியிலதாங்க" என்றாள்.

அதை நான் மலாயில் சொன்னேன். என் நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது.

மத்தியானம் மண்டபத்தில் வழக்கம்போல் கோடு மேலே ஏறியது. அதன்பின் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்றின் கீழே 'திட்டத்துக்கு முன்' என்று எழுதியிருந்தது. கூட்டித் தண்ணீர் தெளித்த வெறும் மண், ஓரத்தில் வெள்ளைக் கற்கள். போன வருடம் அந்தப் பெண் போனில் எடுத்த படம். இன்னொன்றின் கீழே 'திட்டத்துக்குப் பின்'. கன்வாஸ், எண்ணெய்ச் சட்டி, வடையோடு டத்தோ, பக்கத்தில் என் தங்கை. இந்த முறை அவள் முகம் முழுதாகவே விழுந்திருந்தது.

ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வாழ்க்கையை உருவாக்கினோம் என்று டத்தோ மலாயில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஒன்றுமில்லாத இடத்தை உங்களுக்காக வியர்க்க வியர்க்கக் கூட்டியவளே இவள்தான் என்று இரண்டு மொழியிலும் கத்த வேண்டும் போலிருந்தது. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் தங்கையைத் தேடினேன்.

நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவள் எழுந்து நின்று கை தட்டினாள். பலமாக, கை சிவக்கத் தட்டினாள். மண்டபம் முழுக்க அவளோடு சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னதும் சொல்லாததும் யார் காதிலும் விழுந்திருக்காது.

வெளியே பொட்டலம் வாங்கும் வரிசையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு வெக்கமா இல்ல? அவனுங்க என்ன கிழிச்சானுங்கன்னு அப்பிடிக் கை தட்டுன?" என்றேன்.

அவள் பொட்டலத்தை வாங்கிச் சூடு ஆறாமல் முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வீட்டுச் சாவியக் குடுக்கணும்ணே. அது அவங்க கடைன்னு அவங்க நெனைக்கிற வரைக்குந்தான் யாரும் பிரிக்க மாட்டாங்க."