கிணற்றுத் தண்ணீரில் வேகாத மொச்சை

என் மைத்துனர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. செத்துப்போனதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. ஆகவே அவரைப் பற்றி உள்ளதை எழுத எனக்குத் தயக்கமில்லை.

முதல் யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் துறைமுகத்தில் சரக்குக் கொட்டகைக் குமாஸ்தா. ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில், மூன்று குடித்தனம் இருந்த ஓட்டு வீட்டில் முன்பகுதி என்னுடையது. மனைவி பிரசவத்துக்காகச் செங்கல்பட்டுப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண் குழந்தை. ஐந்தாம் மாதம், கார்த்திகையில், தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் முறை. கார்த்திகை தவறினால் மார்கழியில் அனுப்பமாட்டார்கள். அப்புறம் தை என்பார்கள், மாசி என்பார்கள். அப்படியே பிறந்த வீட்டோடு தங்கிவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

மாமனார் கடிதத்தில் முறையைக் காணோம். “பெண்ணுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். பெரியவன் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அப்புறம் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம்” என்று இருந்தது. பெரியவன் என்றால் என் மைத்துனர். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அதாவது என் ஜாதித் தொழில்தான். கடல் காற்று மட்டும் கிடையாது.

உடனே பதில் போட்டேன். தெருக் குழாயில் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வருகிறது, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், சுத்தமான தண்ணீர் என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உத்தியோகத்தில் இருப்பவன் பொய் எழுதமாட்டான். எழுதாமல் விடுவதோடு சரி.

ஐப்பசி மழையில், குடையும் தோல்பையுமாக, சனிக்கிழமை சாயங்காலம் மைத்துனர் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரைப் பார்த்தார். ஓதம் ஏறியிருந்தது. ஜன்னலைத் திறந்து மூடினார். சமையலறையில் நுழைந்து அடுப்பில் விரலை வைத்துப் பார்த்தார்.

“அடுப்பு மூட்டி எத்தனை நாள் ஆச்சு மாப்ளே?”

“ஆபீஸ் பக்கத்துலயே சாப்பாட்டுக் கடை இருக்கு மச்சான்.”

“கடை இருக்கு சரி. என் தங்கச்சி கடையில குடித்தனம் பண்ணப் போறதில்லையே. நாளைக்கு இங்கயே ஒரு வாய் சமைங்க. வீடு இருக்கிற லட்சணம் சோத்துலதான் தெரியும்.”

மழை மூன்று நாளாக விடவில்லை. கடலுக்கு ஒருவரும் போகவில்லை, மீன் இல்லை. மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர், காய்கறியும் இல்லை. வீட்டிலிருந்தது அரிசி, புளி, மிளகாய், தனியா, பூண்டு, கொஞ்சம் வெங்காயம். இவை தவிர ஒரு தகர டப்பா நிறையக் காய்ந்த மொச்சை. மொச்சைக்கொட்டைக் குழம்பு வைப்பதென்று தீர்மானித்தேன். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவன் நான். அந்தக் குழம்புக்கு யாரிடமும் யோசனை கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

செய்முறை கஷ்டமானதல்ல. முதல் நாள் ராத்திரியே மொச்சையை ஊறப்போட வேண்டும். மறுநாள் தனியாக வேகவிட்டு, நசுக்கினால் மசியும் பக்குவத்தில் இறக்க வேண்டும். மிளகாய், தனியா, கொஞ்சம் மிளகு மூன்றையும் வறுத்து அம்மியில் அரைக்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, வெங்காயம் பூண்டு வதக்கி, அரைத்ததைப் போட்டுப் பச்சை வாசனை போனபின் புளியைக் கரைத்து ஊற்றி, வெந்த கொட்டையைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவிட வேண்டும். கொட்டை வேகுமுன் புளியும் உப்பும் உள்ளே போகக் கூடாது, போனால் இறுகிவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

தண்ணீர் விஷயத்தில்தான் புத்திசாலித்தனம் செய்தேன். மைத்துனர் வருவதற்காகப் பக்கத்துக் குடித்தனத்து அம்மாளிடம் கேட்டு ஒரு குடம் குழாய்த் தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். அதைக் குடிக்கவும் காபிக்கும் ஒதுக்கினேன். மொச்சைக்குக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். கிணறு கடலோரக் கிணறு, உப்புக் கரிக்கும். கரித்தால் என்ன, குழம்பில் எப்படியும் உப்புப் போடத்தானே வேண்டும், அதில் ஒரு சிட்டிகை குறைத்துவிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினேன். மைத்துனர் பலகையைப் போட்டுக்கொண்டு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எரிந்தது. கரண்டியில் ஒரு கொட்டையை எடுத்து நசுக்கினேன். தோல் சுருங்கியிருந்தது, உள்ளே கல். இன்னும் இரண்டு விறகு வைத்தேன். மேலும் ஒரு மணி நேரம் போயிற்று. கல் கல்லாகவே இருந்தது.

“புளி ஊத்திட்டீங்களா மாப்ளே?”

“அடுப்படி தெரியாதவன்னு நினைச்சீங்களா? இன்னும் ஊத்தல.”

“உப்பு?”

“போடல.”

“அப்ப கொட்டை பழசோ?”

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. “இருக்கும் மச்சான், டப்பாவுல ரொம்ப நாளா கிடக்குது” என்றேன்.

அவர் எழுந்து டப்பாவைத் திறந்தார். ஒரு கைப்பிடி அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. கோப்பில் தப்பு கண்டுபிடித்த குமாஸ்தாவின் சந்தோஷம், எனக்குத் தெரியாததா?

“இது எங்க நிலத்துல வெளைஞ்சது. மாசியில அறுத்தது. அம்மா கையால காயவெச்சுத் தங்கச்சிகிட்டக் குடுத்தனுப்பினாங்க. எங்க வீட்டுல இதே கொட்டை ரெண்டு கொதியில வெண்ணெயா போவுது. இது மேல பழி போடாதீங்க.”

சேதமான சரக்கு கரை இறங்கினால் எங்கள் கொட்டகையில் ஒரு விசாரணை முறை உண்டு. அனுப்பிய இடத்தில் கெட்டதா, வழியில் கெட்டதா, இறங்கிய பிறகு கெட்டதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவன்தான் பொறுப்பு. நான் எத்தனையோ பேரை அப்படி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். அன்று என்னை என் சமையலறையிலேயே நிறுத்தினார்.

“எந்தத் தண்ணி?”

“வீட்டுத் தண்ணிதான்.”

வீட்டுக்கு வீடு நடுவில் இருந்தது அரைச் சுவர். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் மீன் விற்கிறவள். மழையால் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் காலையிலிருந்து வம்புக்கு வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். தலை அரைச் சுவருக்கு மேலே வந்தது.

“இன்னா நைனா, கெணத்துத் தண்ணியிலயா மொச்ச வேவவெச்சிகினு கீறே? நாளிக்கு இந்நேரம் வரிக்கும் எரி, அது அப்டியேதான் கெடக்கும். உப்புத் தண்ணியில பருப்பே வேவாது, மொச்ச வேவுமா?”

“நீங்க உள்ள போங்கம்மா” என்றேன்.

“இருங்கம்மா” என்றார் மைத்துனர். “குழாய்த் தண்ணி வர்றதில்லையா இங்க?”

“ஏன் வராது? விடியறதுக்கு முன்னாடி வந்து, வெய்யில் ஏறசொல்ல நின்னுடும். இந்த நைனா எழுந்தாத்தானே! அந்தப் பொண்ணுதான் மாசமாக் கீறசொல்லயே இருட்டுல எழுந்து கொடத்த தூக்கிகினு போவும். நான்கூடச் சொன்னேன், ஏம்மே, வூட்டுக்காரர எழுப்பேன்னு. அவரு ஆபீஸரு, பொம்பளைங்க நிக்கற எடத்துல வரமாட்டாருன்னுச்சு. முடியாத அன்னிக்கி இந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சிகினு கெடக்கும்.”

மைத்துனர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம். அவர் கத்தவில்லை. ஒரு வேகாத மொச்சையை வாயில் போட்டுக் கடித்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, துப்பாமல் விழுங்கினார்.

“தண்ணி ஒத்துக்கலைன்னு மட்டுந்தான் சொன்னா. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல” என்றார். பிறகு, “தண்ணி நல்லா இருக்குன்னு எழுதினீங்களே மாப்ளே, யார் தூக்குறதுன்னு ஏன் எழுதல?”

எழுத்து மூலமாக உறுதிமொழி வேண்டுமானால் தருகிறேன் என்று சொல்லிக் காகிதமும் பேனாவும் எடுத்தேன்.

“எடுத்து வைங்க அதை. எழுதறதுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம்.”

அந்த மனுஷன் மேல் எனக்கிருந்த வெறுப்பு அன்று முழுமையடைந்தது. ஒரு நாள் லீவு என்று தம் கச்சேரிக்குத் தந்தி கொடுத்துவிட்டு, அன்றிரவும் என் வீட்டிலேயே தங்கினார்.

திங்கட்கிழமை விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குடம் எடுத்தேன்; அவர் குடை எடுத்தார். அந்தக் குடையில் எனக்கு இடம் தரவில்லை, தமக்கே பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். குழாயடியில் இருபது குடங்கள் வரிசையில் நின்றன. எல்லாம் பெண்கள்.

“த பார்றா, ஆபீஸரு கொடம் தூக்கிகினு வந்துகீறாரு!”

“பின்னாடி கொட புடிச்சிகினு யாரு, பியூனா?”

“பியூன் இல்லம்மே, போலீசு! நைனா ஓடிடாம பாத்துகினு கீறாரு.”

மீன்காரம்மாள் தன் குடத்தைத் தள்ளிவைத்து, “இங்க வா நைனா, கடேசில போயி நிக்காத, ஆபீசுக்கு லேட்டாயிடும்” என்றாள். அந்தச் சலுகை சிரிப்பைவிட மோசமாக இருந்தது. மறுத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றேன். குடம் நிறைந்து இடுப்பில் ஏற்றியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. சந்துக்குள் திரும்புவதற்குள் இரண்டு முறை இறக்கி வைத்தேன். மைத்துனர் இரண்டு முறையும் நின்றார். உதவிக்குக் கை நீட்டவில்லை.

முந்தின ராத்திரி, ஒதுக்கிய குடத்தில் மிஞ்சிய குழாய்த் தண்ணீரில் வேறு மொச்சை ஊறப்போட்டிருந்தார், என்னைக் கேட்காமலே. அதைப் புதுத் தண்ணீரில் வேகவைத்தேன். அரை மணியில் மலர்ந்தது. குழம்பு வைத்தேன். எண்ணெய் மிதந்தது, காரம் சரியாக இருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கை கழுவிவிட்டு, “ஒரு நாள் தூக்கினது கணக்கில்ல” என்றார். மத்தியான ரயிலுக்குப் போனார்.

கார்த்திகை வரை ஒவ்வொரு நாளும் குழாயடிக்குப் போனேன். அவர் வைத்துவிட்டுப் போன வேவுக்காரி அரைச் சுவருக்கு அப்பால் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். குழாயடிப் பெண்கள் ஒரு வாரத்தில் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. கார்த்திகை பாதியில் கடிதம் வந்தது, அழைத்து வருகிறோம் என்று.

மைத்துனர்தான் கொண்டுவந்து விட்டார். வாசலில் ஆரத்தி எடுக்க மீன்காரம்மாள் நின்றாள். மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான் கை நீட்டினேன். அவள் குழந்தையைத் தரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், ஒரு கையாலேயே குடத்தைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நின்றபடியே குடித்தாள். மைத்துனர் வாசலிலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த அவள் பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்தபின்தான் அவர் பெட்டியை இறக்கினார்.