அன்று கரண்ட் போனது நிஜம்தான்

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊரான நகரியில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குமே தெரியாத காலத்தில் நடந்தது இது. என் கணவர் அப்போது குவைத்தில், ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். நகரி வீட்டில் நானும் மூன்றாம் வகுப்பு படித்த என் மகளும் மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் அவர் வருவார். எங்கள் தெருவிலேயே அப்படி ஐந்தாறு வீடு இருந்ததால் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்ததில்லை.

ஒரு லீவில் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப்போட்டு, சென்னையில் வாங்கிய டிஸ்க்கை அதில் மாட்டி, ஹால் மூலையில் இருந்த அலமாரியில் வைத்தார். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. வெறும் பெட்டி. இதுதான் சர்வர், இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும், யாரும் நிறுத்தக் கூடாது என்றார். சர்வர் என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டலில் தோசை கொண்டுவந்து வைக்கிறவர்தான் என்று சொல்லிச் சிரித்தேன். கல்யாண போட்டோ, மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள் போயின. கூடவே கேட்டுக்கு மேல் ஒரு கேமரா, ஹாலில் ஒரு கேமரா; இரண்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஓடும், படமும் அதில்தான் பதிவாகும். குவைத்தில் ரூமில் உட்கார்ந்தபடியே வீட்டைப் பார்க்கலாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு மாதம் வீடே கல்யாண வீடு மாதிரி. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கேமராவுக்கு டாட்டா காட்டுவாள். நான் புதுப் புடவை கட்டினால் ஒரு நிமிஷம் அதற்கு எதிரில் நின்றுவிட்டுத்தான் போவேன். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு மாறியது.

"பதினோரு மணிக்கு கேட்டாண்ட நின்னுக்கினு யார்கிட்ட பேசினே?"

தண்ணீர் கேன் போடுகிறவர் என்பேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் ஹாலில் ஆளையே காணோமே என்பார். உள் ரூமில் தூங்கினேன் என்பேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சொந்த வீட்டில் நடமாடுவதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு அலுப்பு என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் எனக்கு நல்ல ஜுரம். ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அந்தச் சின்னக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பொறுக்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, நெற்றியில் போட்டிருந்த ஈரத்துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டேன். பத்தே நிமிஷத்தில் போன் வந்தது. அன்று நடந்த சண்டையை இங்கே எழுத வேண்டாம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கரண்ட் போனது. சர்வருக்கு ஒரு யு.பி.எஸ். இருந்தது. ஆனால் அதன் பேட்டரி வீணாகி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கரண்ட் போனால் ஒருமுறை கத்திவிட்டு அதுவும் அடங்கிவிடும். இதை அவரிடம் பலமுறை சொல்லியிருந்தேன். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக வரவில்லை. ட்யூப்லைட் கண் கூசும்படி வெளுத்தது, மேலே ஃபேன் கழன்று விழுந்துவிடும்போலச் சுற்றியது, மறுபடி போய் மறுபடி வந்தது. மற்ற எல்லாம் ஓடின. சர்வரின் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உடனே அவருக்குப் போன் பண்ணவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தயிர்சாதத்தைச் சட்டியோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்படியே ஹாலிலேயே படுத்துத் தூங்கினேன். சாயங்காலம் மகள் வரும்வரை அந்த வீடு என் வீடாக இருந்தது. இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

சாயங்காலம் அவரே போன் பண்ணினார். கரண்ட் போய் வந்ததிலிருந்து பெட்டி உயிர்பெறவில்லை என்றேன். முதல் நாள் பொறுமையாகத்தான் பேசினார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். பொத்தானை அழுத்தினால் உள்ளே இருந்த சின்ன ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். அவ்வளவுதான்.

"உள்ள பட்டையா ஒண்ணு நட்டுக்கினு இருக்கும் பாரு. ரெண்டு பக்கம் க்ளிப்ப அழுத்தி அத்த கழட்டு. பாப்பா பென்சில் டப்பால ரப்பர் இருக்கும், அத்தால அந்தத் தங்கக் கலர் பல்ல தேய்" என்றார்.

தேய்த்தேன். காசு மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் வைத்திருந்து மாட்டினேன். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினேன். மறுநாளும் இதே கூத்துதான். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று.

மூன்றாவது நாள் அவர் குரலே வேறாக இருந்தது.

"நெஜமாவே கரண்ட் போச்சா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. இரண்டு தெரு தள்ளி அவருடைய சிநேகிதர் ஒருவர் கரண்டில் ஓடும் விசைத்தறி வைத்திருந்தார். என் கணவர் அந்தச் சிநேகிதருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் தறி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்று சிநேகிதர் சொல்லியிருக்கிறார். அவர்கள் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர், எங்கள் தெருவுக்கு வேறு. இது நகரியில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைச் சொன்னேன். "அப்பிடியா" என்றார்.

"சரி, கரண்ட் வந்தப்பவே ஏன் போன் பண்ணல? சாயங்காலம் வரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

கேமரா இல்லாமல் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எப்படிச் சொல்வது? நான் தடுமாறிய அந்த நாலு விநாடியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. "துண்டு போட்டவதானே நீ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. மறுநாள் காலை காய்கறி வண்டிக்கு முன்னால் அந்தத் தறிக்காரரின் மனைவி, நாலு பேர் நிற்கும்போதே கேட்டார். "உங்க வூட்ல கரண்ட் போச்சான்னு உங்க வூட்டுக்காரரு எங்க வூட்ல கேட்டாராமே, இன்னாக்கா விஷயம்?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம்போல இருந்தது. தக்காளிக்குக் காசு கொடுக்காமல் திரும்பி நடந்திருக்கிறேன். வண்டிக்காரர் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

உள்ளூர்க் கடையில் கொடுத்தால் மதியத்துக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விடும். எனவே பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, புத்தூர் வழியாகத் திருப்பதி பஸ் பிடித்தேன். "ஏமிடம்மா இதி?" என்று கண்டக்டர் கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். மகள் நாலு மணிக்கு வந்துவிடுவாள், அதற்குள் திரும்ப வேண்டும். வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். இது எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரிந்தால் போதும். இது பிழைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தெலுங்கில் ஆரம்பித்தவர், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். அதே அரைச் சுற்று. அவர் ரப்பரையெல்லாம் தேடவில்லை. பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். ஃபேன் இரைந்து சுற்றியது. மானிட்டரில் எழுத்துகள் ஓடின. கழற்றியதைத் திறந்து காட்டினார். உள்ளே சின்ன டப்பிகள் உப்பி, வெடித்துக் கறுத்துக் கிடந்தன.

"கரண்ட் ஒரே தூக்கா தூக்கி அடிச்சிருக்கும்மா. போர்டும் டிஸ்க்கும் தப்பிச்சதே பெருசு" என்றார்.

"அத்த எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"யாருக்கும்மா?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அழுதேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அந்த இருவரையும் கவனிக்கப் போனார். அவர்கள் போன பிறகு வந்து, கடைசியாக எத்தனை மணிக்கு நின்றது என்பது உள்ளே பதிவாகியிருக்கும், பார்க்கலாமா என்றார். தேடி எடுத்து, மானிட்டரை என் பக்கம் திருப்பினார். மௌஸை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். என் வீட்டு ஹாலை அவர் பார்க்கவில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டு. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். அலமாரி பின்னால் தூரத்தில், மூலையில் தெரிகிறது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு காம்பை உருவுகிறேன், படம் நின்றுவிடுகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதில் இருந்த பெண்ணைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கிளம்பும்போது கடைக்காரர் பில்லின் பின்பக்கம் பழுது என்ன, எதனால் என்று தெலுங்கில் இரண்டு வரி எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தார். "நானும் அஞ்சு வருஷம் துபாய்ல இருந்தவன்தாம்மா. ரூம்ல தனியா ஒக்காந்துக்கினு இருந்தா புத்தி எங்கெங்கயோ போவும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அதுக்கு வூட்ல இருக்கிறவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்" என்றார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அலமாரியில் வைத்து வயர்களைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. போன் பண்ணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும், அந்தச் சீட்டைப் படித்துக் காட்ட வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளுக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அவரே கூப்பிட்டார்.

"பாத்தேன்" என்றார்.

"எத்த?"

"செவ்வாக்கெழம. கரண்ட் போனது." பிறகு அவசரமாக, "சரி, உடு. டென்ஷன்ல கேட்டுட்டேன். பாப்பா துன்னாளா?"

"துன்னா" என்றேன். யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. அடுத்த லீவில் வந்தபோது ஹால் கேமராவை அவரே கழற்றினார். பிறகு குவைத்தை விட்டு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் அவரே சமைத்துப் போடுவார். அவர் சந்தேகப்பட்டதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். தூரதேசத்தில் தனியாகக் கிடந்தவர், ஏதோ நினைத்துவிட்டார். ஆனால் நான் மூன்று நாள் சொன்னபோது வராத நம்பிக்கை, அந்தப் பெட்டி சொன்னபோது ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. அன்று அந்த டிஸ்க்கும் சேர்ந்து கருகிப்போயிருந்தால், நான் சொன்ன உண்மை அந்த வீட்டில் இன்றுவரை பொய்யாகவே இருந்திருக்கும் என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.