சூட்டறைக்காரி

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குச் சூட்டறைக்காரி என்றே பெயர். ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீக்களை அங்கே அனல் பறக்கும் ஓர் அறையில் வளர்த்து, சூட்டைத் தாங்கியவற்றிலிருந்து மட்டும் அடுத்த தலைமுறையை எடுப்பார்கள். தாங்காமல் செத்தவற்றைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. அறைக்கு ஜன்னல் கிடையாது, மூச்சு முட்டும். வேறு பிரிவு கேட்டபோதெல்லாம், "உங்களுக்குத்தான் பழகிடுச்சேம்மா" என்று மேலாளர் மழுப்பிவிடுவார். வீட்டிலும் அதே பாட்டுதான். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் கணவனைப் பற்றி வாய் திறந்தால், "போகப் போகப் பழகிடும்" என்று முதலில் அம்மா சொன்னாள், பிறகு நாத்தனார் சொன்னாள்.

ஒருநாள் அவள் துடைப்பமும் கையுமாக நிற்கும்போது, புதிதாகக் கல்யாணமான மகள் போன் செய்தாள்.

"அம்மா, இங்க வாசலைத் தாண்டணும்னாக்கூட கேட்டுட்டுத்தான் போகணும். என்னால முடியலம்மா."

"பழகி..." என்று ஆரம்பித்தவள் கீழே இருந்த முறத்தைப் பார்த்தாள். அந்த அறையில் எந்தத் தேனீயும் சூட்டுக்குப் பழகி அவள் பார்த்ததில்லை. பிறவியிலேயே சூடு தாங்கும் உடல்வாகு இருந்தவை பிழைத்தன. மற்றவை அவள் முறத்தில் கிடந்தன.

"துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வா."

"அப்பா?"

"கத்துவாரு. கத்தட்டும்."

மகள் வந்துவிட்டாள். அப்பா கத்தித் தீர்த்தார். பிறகு இருவரோடும் பேச்சை நிறுத்தினார். எந்த நேரமும் அவர் இருவரையும் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லலாம். மகளோடு தனியாக நிற்க நேர்ந்தால் இந்தச் சம்பளம்தான் கதி. மறுநாள் காலை அவள் சூட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.