துண்டு போட்ட இடம்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, தனக்கும் மச்சானுக்கும் இடம் பிடித்தார் ஒரு மீசைக்காரர். அவருக்குப் பின் இருக்கையில் நான், கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எழுதிய என் முதல் பேட்ச்சை, அதாவது திருத்த நிரலை, மடிக்கணினியில் சோதித்துக்கொண்டிருந்தேன். எங்கோ நினைவகம் கசிந்தது; கணினியின் நினைவக இடம் வீணாகிக்கொண்டே இருந்தது. மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் அடுத்த வெளியீட்டில் சேராது.

வண்டி கிளம்பியதும், வரவில்லை என்று மச்சான் போன் செய்தார். துண்டு அப்படியே கிடந்தது.

“அதான் மச்சான் வர்லன்னுட்டாரே! இன்னும் துண்டப் போட்டுக்கினு குந்திக்கினு இருக்கியே?” என்றார் நின்றிருந்த பெரியவர்.

“அட, மறந்தே பூட்டேங்க!” என்று சிரித்தபடி எடுத்தார்.

என் தவறும் அதுதான். கணினியோடு இணைந்த சாதனம் பதில் தராதபோது வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பிய என் நிரல், அதற்காகப் பிடித்த நினைவகத்தை விடவே இல்லை. ஒரு வரி சேர்த்தேன், சோதனை தேறியது.

திண்டிவனத்தில் மீசைக்காரர் இறங்கினார். துண்டு இப்போது அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கிடந்தது. ஏறியவர்கள் அதைப் பார்த்துவிட்டு நின்றார்கள். மறந்தாரா, திரும்பி வரும் பயணத்துக்கும் இடம் பிடித்தாரா, தெரியவில்லை.