என் முதல் ஸ்பான்சர்

கோல்ஃபில் புரொஃபஷனலாக ஆடத் தொடங்கிய முதல் வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது பான் மசாலா நாற்றம்தான்.

அப்போது நாங்கள் செகந்திராபாத் பக்கம் சைனிக்புரியில் இருந்தோம். அப்பா வேலூர்க்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் ஊராக என்னைப் போட்டிகளுக்கு அனுப்ப அவரால் முடியவில்லை. தெரிந்தவர்கள் மூலமாக, கச்சிபௌலியில் அடுக்குமாடி கட்டி விற்கும் ஒருவரை எனக்கு ஸ்பான்சராகப் பிடித்தார். அவருடைய கம்பெனிப் பெயரைத் தொப்பியில் போட்டுக்கொள்ள வேண்டும். கூப்பிடும்போதெல்லாம் போய் அவருடைய விருந்தாளிகளோடு ஆட வேண்டும். வேறொன்றுமில்லை என்றார்கள்.

அந்த மனிதர் ஆடியதைவிட மென்றதுதான் அதிகம். ஒரு கன்னம் எப்போதும் புடைத்திருக்கும். புல்தரை, மரத்தடி என்று பார்க்காமல் துப்புவார். முகத்துக்குக் கிட்டே வந்து பேசுவார். என் வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளிகள் விழும். அம்மா ஒன்றும் கேட்காமல் அதை வாங்கி எலுமிச்சம்பழம் தேய்ப்பாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கி அதிகாரிகள் இருவர் எங்களோடு ஆட வந்திருந்தார்கள். நான் அடித்த பந்து மணல் குழியில் விழுந்தது. எனக்கு முன்னால் அங்கே போய் நின்ற ஸ்பான்சர் குழிக்குள் எட்டிப் பார்த்துத் துப்பினார். வேண்டுமென்றே செய்தாரா, பழக்கமா, தெரியாது. பந்தின் மேலேயே விழுந்தது. சுற்றிலும் மணல் சிவந்து நுரைத்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

எச்சில் கிடந்தால் பந்தை எடுத்துத் துடைத்து, தள்ளி வைத்து ஆடலாம். விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் யார் எடுப்பது? ஒன்றும் ஆகாது, அடி பேட்டி என்று, மகளைக் கூப்பிடுவதுபோல இந்தியில் சொல்லி அவர் சிரித்தார். நான் நகரவில்லை. உடனே, என் பையைத் தூக்கி வந்தவரைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். அவர் குழிக்குள் இறங்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க துப்புனது. நீங்களே எடுங்க சார்" என்று ஸ்பான்சரிடம் தெலுங்கில் சொன்னேன்.

வங்கிக்காரர்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் மென்றுகொண்டே நின்றார். பந்தை அங்கேயே விட்டுவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்குப் போன் வந்திருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பந்து மேலதான துப்புனாரு? உன் மேலயா துப்புனாரு?" என்றார்.

மைதானத்தில் வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ரொம்ப நாள் என்னால் முடியவில்லை.

ஸ்பான்சர் விலகிக்கொண்டார். அந்த சீசனில் பாதிப் போட்டிகளுக்கு நான் போகவில்லை. காலை வேளைகளில் குழந்தைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்து, அதில் கிடைத்ததை வைத்து மீதியை ஆடினேன். பெரும்பாலும் ஸ்கோர் போதாமல் பாதியிலேயே வெளியேறினேன். ஒரு போட்டியில் கடைசி நாள்வரை நிற்க அடுத்த வருஷம்தான் முடிந்தது.

இதற்கிடையில் அந்த ஸ்பான்சர் தன் தொப்பியைப் போட்டு ஆட வேறொரு பெண்ணைப் பிடித்திருந்தார். என்னைவிடச் சின்னவள், செகந்திராபாத் தமிழ்க் குடும்பம். எச்சரிக்கலாம் என்று போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஹவ் அக்கா, ஆமா, தெரியும். அவர் கிட்ட வர்றதுக்குள்ள பந்தை அடிச்சுட்டு நகர்ந்துடுவேன்" என்றாள்.

புதிதாக ஒரு ஷாட் கற்றுக்கொண்டவள் போலச் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளோடு அதிகம் பேசவும் இல்லை.